தங்கூசி தொட்ட இடம்

பனிச்சங்கேணி வினாயகமூர்த்திக்கு ஒரேயொரு சொல்தான் வேண்டியிருந்தது: கால் நன்றாயிருக்கிறது, தண்ணீரில் இறங்கலாம். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தக்காரன் வெறுங்காலோடு வாவிச் சேற்றில் நிற்பதாவது என்று மகள் கம்சாயினி வீச்சுவலையை ஒளித்து வைத்துவிட்டாள். பெரிய டொக்டர் சொன்னால்தான் வலை வெளியே வருமாம்.

கிளினிக் வாசலில் பெயர்ப்பலகையை மகள் வாசித்தாள். "வதனி எண்ட பேர் முடிஞ்ச பிறகும் எழுத்து ஓடுதப்பா. எம்பிபிஎஸ், எம்டி, இன்னும் என்னவோ."

"மீனுக்கே ஒரு வால் போதும்கா. இவவுக்கு என்னத்துக்கு இத்தின?"

திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "ஒவ்வொரு வாலுக்கும் ஒரு ஊர் ஐயா," என்றார் டொக்டர் வதனி. "மருத்துவம் படிச்சது மட்டக்களப்பில. மேற்படிப்பு கொழும்பில. சீனி வருத்தமும் சுரப்பிகளும் பழகினது லண்டன்ல. பிறந்தது தேற்றாத்தீவில, அதுக்கு மட்டும் வால் இல்ல."

கிழவர் சிரிக்கவில்லை. ஊர் சுற்றியவர்களை அவர் நம்புவதில்லை. "போன வருசம் கால் நெருப்பா எரிஞ்சது. இப்ப எரிவு இல்ல. தானாச் சுகமாப் போயிட்டு. உப்புத்தண்ணியில நிண்ட கால், புள்ள."

டொக்டர் அவருடைய பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்தார். கையில் ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் ஒரு துண்டு இழை. வினாயகமூர்த்தி பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். தங்கூசி! வலை பின்னுகிற அதே நைலோன். லண்டன் வரைக்கும் போய் இதைத்தானா கொண்டுவந்தாள்?

"கண்ண மூடுங்க ஐயா. இழை காலில படுற நேரம் ஓம் எண்டு சொல்லுங்க."

மூடினார். மின்விசிறிக் காற்று மெல்ல மெல்ல வாவிக் காற்றாயிற்று. கரைச் சேற்றில் வேரூன்றிய கண்ணா மரங்களின் மணம் வந்தது. இடுப்பளவு தண்ணீர், காலுக்கடியில் மெத்தென்ற சேறு. விரலிடுக்கில் இறாலொன்று துள்ளியது. "ஓம்." குதிக்காலை நண்டுக்குஞ்சு உரசிப் போனது. "ஓம்." தண்ணீர் முழுக்க வெயில் கரைந்து கிடந்தது. "ஓம் புள்ள, ஓம்." இந்தக் காலுக்கா வருத்தம்?

கண்ணைத் திறந்தார். தங்கூசி தட்டில் கிடந்தது. கம்சாயினி லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"முதல்ல எல்லா இடமும் தொட்டன் ஐயா," என்றார் டொக்டர். "நீங்க பேசாம இருந்தீங்க. தொடுறத விட்ட பிறகுதான் ஓம் எண்டீங்க."

"பொய். இன்னொருக்காத் தொடு, நான் பாக்க."

பெருவிரலின் அடியில் ஊன்றிய இழை, மீன் இழுத்த தூண்டிலைப் போல வளைந்தது. அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். கால் ஒன்றும் சொல்லவில்லை. இழை மேலே மேலே ஏறிக் கணுக்காலையும் தாண்டிய பிறகுதான், "ஓம்," என்றார்.

"எரிவு நிண்டது சுகமாகி இல்ல ஐயா. நரம்பு செத்திட்டு. சிப்பி வெட்டினாலும் தெரியாது. புண் பழுத்தாக் காலையே எடுக்க வேண்டி வரும்."

"அப்ப வலை?"

"தோணியில இருந்து வீசுங்க. இறங்காதங்க. தரையிலயும் வெறுங்கால் வேணாம்."

வெளியே வந்ததும் பலகையருகில் நின்றார். "லண்டன் வால் எது?"

மகள் காட்டினாள். வெட்டியிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். மேடும் பள்ளமும் விரலுக்கு நன்றாகத் தெரிந்தன.

"வா கா," என்றார். "செருப்புக் கடைக்குப் போவம்."