நாக்கடியில் ஒரு பொத்தான்

விடிவதற்குள் சட்டைக் கம்பெனியின் இஸ்திரிக் கூடத்தில் நீராவி நிறைந்துவிட்டது. பெட்டியை அழுத்தினால் புஸ்ஸென்று சீறும். சட்டை விறைக்கும், தேய்க்கிறவள் துவண்டுபோவாள். கழிப்பறைச் சாவி மேஸ்திரியின் இடுப்பில். போய்க் கேட்டால், “மறுபடியுமா?” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து தண்ணீரைத் தொடாமல் இருப்பதுதான் அங்கே மானம். நாக்கடியில் சட்டைப் பொத்தானை அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், தாகம் ஏமாறும். கண்டுபிடித்தவள் அண்ணி. நாத்தனாருக்கு வேலை வாங்கிக் கொடுத்த கையோடு, ஏதோ சீர் செய்வதுபோல ஒரு பொத்தானையும் கொடுத்தாள்.

அன்று நாத்தனாருக்குப் பேச்சு குழறியது. உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. பெட்டியோடு சரிந்தாள். அண்ணி அவள் வாய்க்குள் விரல் விட்டுப் பொத்தானை எடுத்தாள். நாக்கு காய்ந்து கிடந்தது.

“உடம்பு வேர்த்துத்தான் சூட்ட ஆத்திக்கும்,” என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். “தண்ணி வரலைன்னா மூத்திரத்தைச் சுருக்கும், ரத்தத்துல இருக்கறதை எடுக்கும். எப்படியாவது உள்ள எல்லாத்தையும் ஒரே அளவா வச்சுக்கப் பாக்கும். ஒண்ணுமே மிச்சமில்லைன்னாதான் கைய விரிக்கும். கண்ணு முழிச்சுட்டாங்க. கிட்னி பத்தி இப்ப சொல்ல முடியாது. பொத்தான் யாரு யோசனை?”

அண்ணி பொத்தானை முந்தானையில் முடிந்துகொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேஸ்திரியின் சிரிப்புக்குக் கூசியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலையில் பெண்கள் எல்லோரும் முதலாளி அறைக்குள் நுழைந்தார்கள்.

“புதுசுல அப்படித்தாம்மா. உடம்பு போகப்போகப் பழகிடும்,” என்றார் அவர், மின்விசிறிக்குக் கீழே.

“பழகல முதலாளி. இத்தனை நாளா சமாளிச்சுது. நான்தான் அதை ஏமாத்தச் சொல்லிக்கொடுத்தேன்.” அண்ணியின் தலை தானாகக் குனிந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொத்தானை மேசைமேல் வைத்தாள்.

“அவ மட்டுமில்ல,” என்று பின்னாலிருந்து வந்த, சட்டை மடிக்கும் பெண், தன் வாயிலிருந்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். மேசையில் ஒரு சட்டைக்குத் தேவையானதற்கு மேலேயே சேர்ந்துவிட்டது.

“வேலை செய்ய இஷ்டமில்லைன்னா நின்னுக்கங்க,” என்றார் முதலாளி.

“சாவி கதவுல தொங்கணும். தண்ணி கூடத்துக்குள்ள வரணும். அதுவரைக்கும் பெட்டி சூடாகாது,” என்றாள் அண்ணி.

அவர்கள் வெளியே வந்து, மேஸ்திரி பார்க்கப் பார்க்கக் குழாயடியில் வயிறு முட்டக் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் நெற்றியில் வேர்வை பூத்தது. நாத்தனாரின் முகம் கண்ணுக்குள் நின்றது, வெட்கம் போகவில்லை. ஆனாலும் கழிப்பறைச் சாவிக்காக மேஸ்திரி முன்னால் நின்ற வரிசையில் முதல் ஆளாக நின்று கையை நீட்டினாள்.

“எல்லாருமா?” என்றான் மேஸ்திரி. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“எல்லாரும்தான். சாவியக் குடு.”