கல்யாண முருங்கையின் அடியில்

சமையலறைச் சுவரில் விரல் தடிமனுக்கு ஏறியிருந்த மண் கோடு ஒன்றை, கரையான் மருந்து அடிக்கிற இனியன் முந்தின நாள் இரண்டு அங்குலம் உடைத்துவிட்டுப் போயிருந்தான். காலையில் வந்து பார்த்தால், உடைத்த இடம் ஈர மண்ணால் பூசப்பட்டிருந்தது.

"உள்ள உயிரோட நடமாடுது சார். காத்துப் பட்டா காஞ்சி செத்துடும், அதான் மூடிக்கினே வருது."

கொல்லையில் மண்ணைக் கிளறிக்கொண்டே போனான். தரைக்கடியில் நாலு பக்கமும் கரையான் தேடி அலைந்த வழிகள்; பாதியில் நின்றுபோனவை பல. அகலமான ஒன்று மட்டும் கல்யாண முருங்கை மரத்தடியில் போய் முடிந்தது. மரத்தைத் தட்டினான். உள்ளே பொள்ளல்.

"மரத்த எடுத்துட்டு மருந்து எறக்கணும். இல்லன்னா வாசக்கால் வரைக்கும் போயிடும்."

"மரத்துல கை வெக்காத தம்பி," என்றாள் மதிவதனி. "எங்க கல்யாணத்துக்கு நட்ட முகூர்த்தக்கால் அது. இருவத்திரண்டு வருஷம்."

அவள் கணவன் மாறன் மரத்தடி மண்ணைக் காலால் தள்ளினான்.

கல்யாணமாகி நாற்பதாம் நாள். விடியற்காலையில் பல் துலக்க வந்தவன், முகூர்த்தக்காலாக நட்ட கிளைமேல் இதே மாதிரி மண் கோடுகளைக் கண்டான். தொட்டதும் பட்டை கையோடு வந்தது. உள்ளே வெறும் மண். அது துளிர்க்க வேண்டுமென்று தினமும் தண்ணீர் ஊற்றிய புதுப்பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலை கிராமத்துக்கு சைக்கிளை மிதித்தான். வேறொரு கிளையோடு திரும்பி, குழியில் வேப்பெண்ணெய் ஊற்றி நட்டு, பழைய மஞ்சள் துணியையே கட்டினான். பத்து நாளில் முதல் துளிர் வந்தபோது அவள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அந்த முகத்துக்காகவே இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

மதிவதனி அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஒடிச்சீங்க?"

"உங்கப்பா கெணத்து மேட்டுல. கேக்காமத்தான்."

"அடப்பாவி! 'எந்த எருமை என் மரத்த ஒடிச்சுது'ன்னு அப்பா ஒரு மாசம் ஊரையே திட்டிக்கினு இருந்தாரே. நீங்கதானா அது?"

இனியன் திரும்பி நின்று சிரிப்பை விழுங்கினான். அவளும் சிரித்தாள்; சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"நான்தான் தண்ணி ஊத்தி ஊத்தி அதுங்கள வரவழைச்சிருக்கேன், இல்ல?"

"ஈரம் இருந்தா வரும்," என்றான் மாறன் மெதுவாக.

அவள் மரத்தை ஒருமுறை தடவினாள்.

"தம்பி, நாளைக்கு ஆளோட வா. எடுத்துடலாம்." உள்ளே போய் முறத்தோடு வந்தாள். "ஏங்க, அந்த மேல் கெளைய வளைச்சுப் புடிங்க. ராத்திரிக்கு இந்த எலயப் போட்டு அடை தட்டறேன். முள்ளு பாத்து."