எதிர்க்கட்சி இல்லாத தெரு

வீடு பார்த்துவிட்டு வந்த மகள், தண்ணீர் வசதியைப் பற்றியோ காற்றோட்டத்தைப் பற்றியோ முதலில் பேசவில்லை. "அந்தக் கட்சி ஆளுங்க ஒருத்தர்கூட இல்லப்பா. தெரு முழுக்க நம்ம கட்சி. நிம்மதியா இருக்கலாம்" என்றாள்.

அவள் அப்பா படக்காரருக்கும் அது நல்லதாகவே பட்டது. மருத்துவமனையில் முப்பத்தாறு வருடம் எக்ஸ்ரே எடுத்தவர்; அந்தப் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. பழைய தெருவில் தேர்தல் முடிவு வந்த அன்று அவர் ஜன்னலில் கல் விழுந்தது. வேறு ஊரில் இருந்த மகளுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. இந்தத் தெருவில் வீடு கிடைப்பதோ குதிரைக் கொம்பு. குடியிருப்போர் சங்கத்தின் படிவத்தில் பெயர், தொழிலுக்கு அடுத்த கேள்வி: வீட்டில் என்ன பேப்பர் வாங்குகிறீர்கள்? மகள் ஒரு பேப்பரின் பெயரை எழுதினாள். பொய்யில்லை. இன்னொரு பேப்பரை வாங்கியவள் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

மனைவி எதிர்க்கட்சி. கல்யாணமான மூன்றாம் நாளே குட்டு வெளிப்பட்டது. அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஒரே வழக்கம்தான். காலையில் அவர் தன் பேப்பரின் தலைப்பைச் சத்தமாகப் படிப்பார். சமையலறையிலிருந்து முதலில் ஒரு "ஹூம்" வரும். வெட்டு அதற்குப் பின்னால்தான் இருக்கும்.

"உங்க தலைவரை நிக்க வச்சு ஒரு படம் எடுங்களேன். முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கான்னு தெரிஞ்சிடும்."

அவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, அடுப்பில் பால் பொங்கி வழியும். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இருவரும் நிறுத்துவார்கள்.

யாரிடமும் அவர் சொல்லாதது ஒன்று உண்டு. அவள் போன பிறகும், பழைய வீட்டில் அவர் தலைப்பைப் படித்தால் சமையலறை பதில் சொன்னது. அவருக்குப் பயம் வரவில்லை. கேட்டுக்கொண்டார். மறுத்துப் பேசினார். அவ்வளவுதான்.

புது வீட்டிலும் முதல் நாள் காலை தலைப்பைப் படித்துவிட்டுக் காத்திருந்தார். எக்ஸ்ரே அறையில் ஒரு மௌனம் உண்டு. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்னதும் எதிரே நிற்பவர், "விடுங்க" என்ற வார்த்தைக்காக நெஞ்சு புடைக்க நிற்பார். அந்த மௌனம் இப்போது சமையலறையில் நின்றது. குழாய் சொட்டியது. "விடுங்க" என்று சொல்ல ஆளில்லை.

மூன்று வாரம் இப்படியே போனது. அவளுக்கு வழி தெரியவில்லையோ என்று முதலில் நினைத்தார். பிறகு உறைத்தது. வழி தெரியாமல் என்ன? இந்தத் தெருவில் அவள் காலெடுத்து வைக்கமாட்டாள். படிவத்திலேயே அவளை வெளியே நிறுத்திவிட்டுத்தானே உள்ளே வந்தார்.

பேப்பர்காரரிடம் கேட்டுப் பார்த்தார். "அந்தப் பேப்பரையும் ஒண்ணு போடுங்களேன்."

"விளையாடாதீங்க சார். அதை என் வண்டியில பாத்தாலே மத்த வீடெல்லாம் கைவிட்டுப் போயிடும்."

இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி நடந்துபோய் வாங்கினார். காய்கறிப் பைக்குள் மறைத்து எடுத்துவந்து, சமையலறை வாசலில் நின்று படித்தார். "இந்தா, உன் ஆளுங்க என்ன எழுதியிருக்காங்க பாரு." சுவர்தான் கேட்டது. அவள் வார்த்தைகள் அவர் குரலில் செத்துக் கிடந்தன.

ஞாயிறு மாலை சங்கக் கூட்டம். காலியான ஒரு வீட்டுக்கு வந்த விண்ணப்பத்தைச் செயலாளர் படித்தார். நல்ல மனிதர், படக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கிவந்தவர்.

"இவங்க வீட்டுல ரெண்டு பேப்பரும் வாங்குறாங்களாம்."

"ரெண்டுங்கெட்டான் குடும்பமா?" என்றாள் மாடிவீட்டு அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தக் கட்சிக்காரன் தலையைப் படம் எடுத்தா உள்ள காலியாதான் இருக்கும்" என்று செயலாளர் இவர் பக்கம் திரும்பினார். "என்ன படக்காரரே, நீங்க எத்தனை எடுத்திருப்பீங்க!"

சிரிக்கத்தான் படக்காரர் வாயைத் திறந்தார். வந்தது "ஹூம்."

அதன் பின்னாலேயே, "முதல்ல உங்க தலைவரை நிக்க வச்சு ஒரு படம் எடுங்க. முதுகெலும்பு இருக்கான்னு பாப்போம்."

அவளுடைய அதே இழுப்பு. கடைசிச் சொல்லில் அதே சறுக்கல். அவள் உயிரோடிருந்தபோது ஒருமுறை அவர் அவளைப் போலப் பேசிக் காட்ட, வாத்து கத்துவதுபோல இருக்கிறதென்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இன்று அவர் முயலவேயில்லை. கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை மகள் போனில் அழுதாள். "அந்த வீட்டுக்காக எத்தனை பேர் கால்ல விழுந்தேன் தெரியுமா? வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லிடுங்கப்பா."

பின்னாலேயே செயலாளர் வந்தார். உட்காரவில்லை. "துக்கத்துல இருக்கீங்க, எங்களுக்குப் புரியுது. அது உங்க கருத்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இதோட விட்டுடலாம்."

அவர் கருத்து இல்லைதான். நாளைக்கே தேர்தல் வந்தாலும் அவர் கை பழைய சின்னத்துக்குத்தான் போகும். உண்மையைச் சொன்னால் போதும். வீடு நிலைக்கும், மகள் தூங்குவாள். அவர் சமையலறையைப் பார்த்தார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தை தன்னுடையது இல்லையென்று இந்த வாசலில் நின்று சொல்லிவிட்டால், அவளை இரண்டாம் முறையும் வெளியே நிறுத்துவதாகும்.

"என் கருத்துதான்" என்றார். அரசியலில் அவர் சொன்ன முதல் பொய்.

செயலாளர் வாசல் பக்கம் திரும்பினார். "மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

படக்காரர் பேப்பரை விரித்தார். தலைப்பைச் சத்தமாகப் படித்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"ஹூம்" என்றது சமையலறை. "உங்க கருத்தாமே! நாப்பது வருஷமா நான் சொன்னது. திருடினதுதான் திருடினீங்க, ஒழுங்காவாவது சொல்லக் கூடாதா?"

போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும்.

"இரும்மா, இவளுக்கு ஒரு பதில் சொல்லிட்டு வரேன்" என்றார் போனைப் பார்த்து. அது அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் வாயெடுப்பதற்குள், பற்ற வைக்காத அடுப்பிலிருந்து பால் தீய்ந்த வாசனை வந்தது.