நெஞ்சின் மேல் ஒரு கனம்

விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களை ஐந்து வருடம் விடாமல் பின்தொடர்வதுதான் சகாய பிரியாவின் வேலை. உயிர் தப்பிய பிறகு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறிவதற்கான ஆராய்ச்சி அது. அவ்வப்போது போன் செய்வாள், வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போவாள். பலர் நம்பரை மாற்றிவிடுவார்கள். சிலர், "அத்த ஏம்மா மறுபடியும் கிளறுறே?" என்று சொல்லி போனை வைத்துவிடுவார்கள். அப்படி நழுவிய ஒருவரைத் தேடி ஒலக்கூர் பக்கம் வயல் வயலாக அலைந்ததும் உண்டு.

திண்டிவனத்து ஹஸீனா அப்படியில்லை. பிரியா கூப்பிடுவதற்கு முன் அவளே கூப்பிட்டு எப்போது வருவீர்கள் என்று கேட்பாள். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், செயற்கைச் சுவாசத்தில் நினைவின்றிக் கிடந்தவள் அவள். கண் விழித்தபோது அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. கணவன் யாஹ்யா குவைத்தில் வேலை பார்த்தான். வீட்டில் அவளும் மாமனார் அப்துல் மாலிக்கும்தான்.

மூன்றாம் வருடம் பிரியா போனபோது மாமனார் தொழுகைக்குப் போயிருந்தார். படி ஏற முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்று வழக்கம்போல் கேட்டுக்கொண்டே வந்த பிரியா, கடைசியில், "ஐசியூல இருந்தது ஏதாவது ஞாபகம் வருதா?" என்றாள்.

இதுவரை இல்லை என்றே சொல்லிவந்த ஹஸீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேல இருந்து பாம்பு எறங்கும்க்கா. கட்டில் தண்ணியில மெதந்துக்கினு போவும். அதெல்லாம் மருந்து மயக்கம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா இன்னொன்னு இருக்கு. நெஞ்சு மேல ஒரு கனம். வெதுவெதுன்னு. 'பாரும்மா, உன் புள்ள'ன்னு ஒரு பொம்பள கொரல் கேக்குது. வூட்ல சொன்னா அதுவும் மயக்கந்தான்னுட்டாங்க. பாம்பு பொய்யின்னா இதுவும் பொய்தானக்கா?"

பிரியா கேள்வித்தாளை மூடி வைத்தாள்.

"இத்த கேக்கத்தான் ஒவ்வொரு தடவையும் உங்களுக்காகக் காத்துக்கினு இருப்பேன். நீங்க வந்தா வாய் வராது."

"விசாரிச்சுப் பாக்கறேன். அப்படி ஒண்ணும் நடக்கலன்னு தெரிஞ்சா?"

"தெரியட்டும்க்கா. தெரியாம இருக்கறதுதான் பேஜாரா இருக்கு."

ஹஸீனா நினைவின்றிக் கிடந்த வாரம் அந்தப் பிரிவில் நர்சாக இருந்த அமலோற்பவமேரி ஓய்வு பெற்று முகையூரில் இருந்தார். பிரியா போய்க் கேட்டதும், மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"அந்தப் பொண்ணுக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். கண்களைத் துடைத்துக்கொண்டார். "நானே வர்றேன். போன்ல சொல்ற விசயம் இல்ல இது."

இருவரும் திண்டிவனம் போனார்கள். அமலோற்பவமேரி வாயைத் திறந்ததுமே ஹஸீனா குரலை அடையாளம் கண்டுகொண்டாள். சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்சும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ள தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. கண்ணாடிப் பெட்டியில தனியா போறதுக்குப் பதிலா, அம்மாகிட்ட இருக்கட்டுமேன்னு கேட்டேன். சரின்னாரு. நான்தான் தூக்கியாந்து உன் நெஞ்சு மேல போட்டேன். உன் கைய எடுத்து அவன் முதுகுல வெச்சேன்."

"அழுதானா?"

"அழத் தெம்பு இல்லம்மா. உன் சூட்டுல அப்படியே கெடந்தான். அங்கியேதான் அடங்கினான்."

வாசலில் நின்றிருந்த அப்துல் மாலிக் மெல்ல உள்ளே வந்தார். "நானும் கண்ணாடி வழியா பாத்துக்கினுதான்மா நின்னேன். உன் மேலயே உசுரு போச்சின்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு, யார்கிட்டயும் சொல்லல. யாஹ்யாகிட்ட கூட சொல்லல."

"எனக்குப் புத்தி பெரண்டுபோச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன் மாமா," என்றாள் ஹஸீனா.

பெரியவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதன் பிறகுதான் ஹஸீனா வாய்விட்டு அழுதாள். அமலோற்பவமேரி அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். பிரியா சமையலறைக்குள் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

சில மாதம் கழித்து பிரியா போன் செய்தபோது ஹஸீனா நெடுநேரம் மணி அடித்த பிறகே எடுத்தாள்.

"மாமா கபர்ஸ்தான் செவுத்தோரமா கூட்டிக்கினு போயி புள்ளய அடக்கம் பண்ண எடத்தக் காட்டினாரு. துளியூண்டு எடம்க்கா," என்றாள். பிறகு தயங்கினாள். "அக்கா, கோச்சிக்காதீங்க. இனிமே என்ன வுட்டுருங்க. உங்க பேர் போன்ல வந்தாலே அந்த ஐசியூ ரூமு ஞாபகம் வருது. அங்க என்ன நடந்துச்சின்னு தெரிஞ்சிக்கத்தான் அப்ப உங்களத் தேடினேன். இப்ப அவன் ஞாபகம் மட்டும் போதும்."

விலகப் பார்ப்பவர்களிடம் சொல்லவென்று பிரியாவிடம் சில வார்த்தைகள் உண்டு. உங்கள் பதிலால் நாளை இன்னொருவர் பிழைக்கலாம், வீட்டுக்கு வராமல் போனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றெல்லாம். ஒன்றும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

"சரிம்மா. ஒடம்பப் பாத்துக்கோ."

"நீங்களும்க்கா."

ஹஸீனா சொந்த விருப்பத்தில் விலகிக்கொண்டாள் என்று பிரியா ஆராய்ச்சி டாக்டரிடம் தெரிவித்தாள். இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாமா என்றார் அவர். வேண்டாம் என்றாள் பிரியா. அவரும் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை பெருமுக்கல்லில் வேறொருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. பஸ் திண்டிவனத்தில் நின்றபோது பிரியா ஜன்னல் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.