கறுப்பு வண்டியின் கதவு

கறுப்பு வண்டி வாங்குகிறவர்களைக் கண்டாலே கார் பாலிஷ் போடும் ஜூடுக்கு அலுப்பாக இருக்கும். வெள்ளை வண்டியில் எத்தனை கீறல் இருந்தாலும் ஊருக்குத் தெரியாது. கறுப்பில் ஒரு துணியை அழுத்தித் துடைத்தால் போதும், வெயிலில் வட்டம் வட்டமாகக் கீறல் மின்னும். அதுவும் காளை என்பவர் துடைத்தது துணியால் அல்ல.

அவர் அழகர்கோவில் ரோட்டில் தோப்பு வைத்திருக்கும் சம்சாரி. புது வண்டி எடுத்த கையோடு கருப்பசாமி சன்னதிக்கு ஓட்டிப்போய், பானட் கொள்ளாமல் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழமும் பிழிந்துவிட்டார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாதாம். சித்திரை வெயிலில் அப்படியே காய்ந்து பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. பிறகு கல்யாண வீட்டில் யாரோ கேலி செய்தார்கள் என்று, தேங்காய் நாரும் பாத்திரம் விளக்கும் பவுடரும் எடுத்துக்கொண்டு, உழவு மாட்டைக் குளிப்பாட்டுகிற உற்சாகத்தோடு வண்டி முழுவதையும் தேய்த்திருக்கிறார்.

"எம்புட்டுத் தேய்ச்சும் கறை போகல தம்பி," என்றார், கோச்சடையில் ஜூடின் கடை வாசலில் வந்து நின்று. போனது பளபளப்பு மட்டும்தான்.

வேறு சமயமாக இருந்தால் ஜூடு ஒரு கும்பிடு போட்டு அனுப்பியிருப்பான். ஆனால் அந்த வாரம் அவனுக்கு ஒரு கறுப்பு வண்டி வேண்டியிருந்தது. மனைவி எஸ்தர் தல்லாகுளம் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். அங்கே வேன் டிரைவர் வேலை காலியாக இருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். "எத்தன வருசத்துக்குத்தான் வண்டி கழுவிக்கிட்டே இருப்பீங்க?" என்றும் கேட்டாள்.

கழுவுகிறதாம்! அந்தச் சொல் அவனைச் சுட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் முடித்த வண்டி ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் பள்ளி விட்டு வருவதற்குள் வண்டிகள் வீடு போய்விடும். கறுப்பு வண்டி கண்ணாடி போல மின்னுவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் வேன் பேச்சையே எடுக்க மாட்டாள் என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடைக்கு வரச் சொல்லியிருந்தான். சொல்லாத ஒன்றும் இருந்தது. பாலிஷ் மெஷினின் அதிர்வில் சில மாதங்களாக அவன் வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை மரத்துப்போய்க்கொண்டிருந்தது. அது தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை, வேன்தான்.

பாலிஷ் மெஷினின் முகத்தில் ஒட்டுகிற ஃபோம் பேடுகள் ஒரு வாளி நிறையக் கிடந்தன. ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு. நிறத்தை மட்டும் நம்பினால் நாசம். ஒரு கம்பெனியின் கெட்டி ஆரஞ்சு இன்னொரு கம்பெனியில் இலவம்பஞ்சாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மெத்தென்ற பேடை முதலில் மாட்டி, பானட்டின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டிப் பார்த்தான். நார்க் கீறல் அசையவில்லை. அடுத்ததும் போதவில்லை. கெட்டி ஆரஞ்சைப் போட்டபிறகுதான் மசிந்தது.

ஆனால் அது கீறலை எடுத்த இடத்தில் பாலாடை போல ஒரு மங்கலை விட்டுவைத்தது. மங்கலை எடுக்க வெள்ளை, அதற்கும் மேலே மிருதுவான கறுப்பு என்று ஒரே வண்டியை மூன்று தரம் சுற்ற வேண்டியதாயிற்று. கொஞ்ச இடம் ஓட்டியதும் பேடை பிரஷ்ஷால் தேய்த்து உதற வேண்டும். உதறாவிட்டால் அரைபட்ட பெயிண்டே ஒட்டிக்கொண்டு புதிதாகக் கீறும். கை மரத்தபோது எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. விளிம்பில் பெயிண்டைச் சுட்டுவிடப்போகிறோமே என்று பயந்து இடது கைக்கு மாற்றினான். ஆரஞ்சோடு நிறுத்தி, மேலே மெழுகைப் பூசி மறைத்துவிடலாம் என்று உடம்பு கெஞ்சியது. காளைக்குத் தெரியாது. எஸ்தருக்கும் தெரியாது. தனக்குத் தெரியுமே, அதுதான் சனியன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி முடிந்தது. ஆழமான கீறல் இரண்டொன்று நிற்கத்தான் செய்தது. மற்றபடி எதிர்ச்சாரி வேப்பமரம் இலை இலையாகக் கதவில் தெரிந்தது. ஜூடு சோறு தின்னக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எஸ்தருக்கு முன்னால் வந்தது காளையும் அவர் மனைவி ஒச்சாயியும். ஒச்சாயி கையில் தட்டு, தட்டில் குழைத்த சந்தனம்.

"ஆத்தி, மூஞ்சி தெரியுதே! இம்புட்டுப் பளபளப்பா ரோட்டுல போனா கண்ணு பட்டுரும்ல?"

"ஆத்தா, சித்த பொறுங்க," என்று ஜூடு குறுக்கே வந்தான். "என் வீட்டுக்காரி வந்துக்கிட்டு இருக்கா. ஒரு தரம் பாத்துரட்டும். பெறகு கண்ணாடியில வைங்க, பெயிண்டுல வேணாம்."

"சாமி சந்தனத்தக் கண்ணாடியிலயா வைப்பாக?" சொல்லி முடிப்பதற்குள் பானட்டின் நடுவில் பட்டையாக இழுத்துவிட்டாள்.

ஜூடு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். அழுகையே வந்தது. காளைக்குப் பாவமாகப் போயிற்று. "விடு தம்பி, இந்தத் தடவ நார் போட மாட்டேன்," என்று ஆறுதல் சொன்னார்.

அப்போதுதான் எஸ்தர் ரோட்டைக் கடந்து வந்தாள். அவளும் களைத்திருந்தாள். சந்தனப் பட்டையைப் பார்த்து, "இதையா பாக்க வரச் சொன்னீங்க?" என்றாள்.

"முன்பக்கம் பாக்காத. இங்கிட்டு வா. கதவப் பாரு."

அவள் கதவுக்கு எதிரே போய் நின்றாள். ஜூடு அவள் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தான். கை மறுபடி மரத்தது. அவள்தான் பார்க்கவில்லையே என்று கையை உதறினான், பிசைந்தான், மடங்கிப்போன விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதுதான்.

"கை எம்புட்டு நாளா இப்படி இருக்கு?" என்றாள் எஸ்தர். திரும்பவேயில்லை.

ஜூடு நிமிர்ந்து பார்த்தான். கறுப்புக் கதவில், அவள் தோளுக்கு மேலே, அவன் நின்றுகொண்டிருந்தான். தாடியில் நரைத்த முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. விறைத்த விரல்கள் தெரிந்தன. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான்.

"வேல அம்புட்டுச் சுத்தமா இருக்குங்க," என்றாள் அவள். "எனக்குத் தெரியாது. கழுவுறீங்கன்னு சொல்லிட்டேன்."

இத்தனை வருஷமாக அவன் கேட்க ஏங்கிய பேச்சு அது. வந்தபோது சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. எஸ்தர் நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது இருவரும் கதவில் தெரிந்தார்கள். அவள் அவனுடைய வலது கையைப் பிடித்திருந்தாள். கைக்கு அது தெரியவில்லை. கதவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

"பள்ளிக்கூடத்துல வேனுக்கு வாரேன்னு சொல்லிரு," என்றான் ஜூடு.