கிளட்ச் இல்லாத சைக்கிள்

பால்காரர் விழுந்தது மேட்டில் வைத்துத்தான். வண்டிமேல் குற்றமில்லை. அவருடைய இடது கை பார்த்த வேலை அது.

காலமெல்லாம் பைக்கில் பால் கேனைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிய மனிதர். கியர் மாற்றும்போது இடது கை தானாகக் கிளட்சைப் பிடிக்கும். கண் இமைக்கிற மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. பைக்கை விற்றுவிட்டு அவர் வாங்கியதோ தானாகவே கியர் மாறும் சைக்கிள். மேடு வந்தால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும், மிதி லேசாகிவிடும். வசதிதான். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் கை சும்மா இருக்கிறதா? லபக்கென்று பிடித்துவிடுகிறது. அங்கே இருப்பது கிளட்ச் இல்லையே, பிரேக்! வண்டி நின்றுவிட்டது, ஆள் சாய்ந்துவிட்டார். முழங்கையில் தையல்.

"போதும்ப்பா," என்றான் மகன், தையல் பிரித்த அன்று. "போட்டோ எடுத்து போன்ல போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல வாங்க ஆள் வருது."

"என் வண்டிய விக்க நீ யாருடா?"

"உங்க பையன். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு நான்தானே அலையணும்? வேணும்னா மூணு சக்கர சைக்கிள் வாங்கித் தரேன்."

"மூணு சக்கரமா? நான் என்ன ஐஸ் விக்கவா போறேன்?"

மகன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அது பால்காரருக்கும் தெரியும். ஆனால் பால் ஊற்றுவதை நிறுத்திய பிறகும் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். போக இடமில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த காலைகளை மகன் பார்த்ததில்லை. பார்க்கிறவர்களெல்லாம் "உட்காருங்க, மெதுவா, பிடிச்சுக்கோங்க" என்றுதான் சொன்னார்கள். இந்தச் சைக்கிள் வந்தபிறகுதான், எதிர்த்த வீட்டு டெய்லரம்மாவும் ரிட்டயரான வாத்தியாரும் அதே மாதிரி வண்டி வாங்கிச் சேர்ந்துகொண்டபிறகுதான், அவருக்குக் காலை என்று ஒன்று மறுபடி வந்தது. மேட்டைத் தாண்டி ஏரிக்கரை வரை போவார்கள். டீ குடித்து ஊர் வம்பு பேசிவிட்டுத் திரும்புவார்கள். அவ்வளவுதான். அதை விடச் சொன்னால்?

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்து வெளியே வைத்தார். தையல் பிரித்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"அண்ணே, அந்தக் கைய என் மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டு ஓட்டுங்களேன்," என்றாள் டெய்லரம்மா.

"நீ ஒத்தக் கையில ஓட்டுறதப் பாத்துதான் போன வாரம் நாயே ஒதுங்கிப் போச்சு," என்றார் வாத்தியார். "யோவ் பால்காரரே, சத்தம் வர்றப்போ வாய்ப்பாடு சொல்லும். புத்தி அந்தப் பக்கம் போயிடும்."

"எனக்குத் தெரிஞ்ச வாய்ப்பாடெல்லாம் அரை லிட்டரு, ஒரு லிட்டருதான்."

அந்த நேரம் பார்த்து மகன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாங்க வந்தவர்.

"ஓட்டிக் காட்டுறேன், பாருங்க," என்று ஏறினார் பால்காரர்.

"அப்பா, வேண்டாம்!"

அதற்குள் மேட்டில் பாதி போய்விட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. அரை லிட்டர், ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். 'டக்.' கை பிடித்துவிட்டது. வண்டியும் அவரும் புல் ஓரமாகச் சரிந்தார்கள்.

மகன் ஓடிவந்தான். "பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா?"

அவன் நீட்டிய கையைப் பால்காரர் பிடிக்கவில்லை. முட்டியை ஊன்றி, மூச்சு வாங்கி, தானே எழுந்தார். முன்பு தையல் போட்ட இடத்திலிருந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. துண்டால் ஒத்திக்கொண்டார்.

"பாத்தேன். விழுந்தேன். நீ நடக்கக் கத்துக்கிட்டப்போ நாளெல்லாம் பொத்து பொத்துன்னு விழுந்தே. அப்பல்லாம் உன்ன விக்க ஆள் பாத்தேனாடா?"

டெய்லரம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். மகனுக்கும் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டான்.

"எலும்பு உடைஞ்சா என்னப்பா பண்ணுவீங்க?"

"கட்டுப் போடுவாங்க. நீ கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து என்னத் திட்டு. கேட்டுக்கறேன். ஆனா உடையுமேன்னு இன்னிக்கே என்னக் கட்டில்ல படுக்க வைக்காத."

வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "கீறல் விழுந்திருக்கே. விலையக் கொஞ்சம் குறைப்பீங்களா?"

"போய்ட்டு வாங்க தம்பி," என்றார் பால்காரர்.

மகன் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். ஹேண்டிலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கைய எடுடா."

எடுத்தான்.

பாதி மேட்டிலிருந்து கிளம்புவது லேசில்லை. முதல் மிதியில் வண்டி தள்ளாடியது. இரண்டாவதில் நேரானது. பின்னாலேயே வாத்தியாரும் டெய்லரம்மாவும் மூச்சிரைக்க வந்தார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி 'டக்.' விரல் நீண்டது.

"சும்மா இரு சனியனே!" என்று தன் கையைப் பார்த்துத் தெருவே கேட்க அதட்டினார்.

விரல் மடங்கியது. அவர் மிதித்துக்கொண்டே போனார்.