தகட்டின் ஓரத்தில்

...இது லிம்போசைட், வெள்ளணுதான், ஆனால் இதை நம்பக்கூடாது என்று நுண்ணோக்கியில் குனிந்தபடி ரன்வைக் தனக்குள் சொல்லிக்கொண்டாள், உருண்டைக் கரு செல்லையே அடைத்துக்கொண்டு நிற்கிறது, எப்போதோ வந்த அம்மையைக்கூட மறக்காமல் நினைவு வைத்துக்கொள்ளும் ரகம், ஆனால் அந்தப் பெண்ணின் பழைய ரத்தத்தில் மிஞ்சியதாகவும் இருக்கலாமே... புதிய செல்கள் எங்கே? பெண்ணுக்குப் பதினாறு வயது, குழாயின் மேல் ஓர் எண், அவ்வளவுதான் தெரியும். யாரோ கொடுத்த எலும்பு மஜ்ஜையை ஏற்றி இன்று இருபத்தெட்டாம் நாள், இன்றும் புது வெள்ளணு முளைக்காவிட்டால் ஒட்டவில்லை என்று எழுதிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள், அதை அந்த உடம்பு தாங்குமா? பதினொரு மணிக்கு மேல்மாடி வார்டில் கூட்டம், அவளுக்குச் சிகிச்சை தரும் டாக்டர் இங்குன் காத்திருக்கிறார். செல் எண்ணும் இயந்திரம் புதிதாக எதுவும் இல்லை என்றுவிட்டது. பக்கத்து மேசை சீவர்ட்டும் ரத்தம் பூசிய கண்ணாடித் தகட்டின் நடுவைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான், "ஒண்ணுமில்ல ரன்வைக், நீயும் ஏன் கண்ணைக் கெடுத்துக்கறே?" நடுவில் இல்லை சரி, ஓரத்தைப் பார்த்தானா? துளியை இழுத்துப் பூசும்போது பெரிய செல்கள் ஓரத்துக்குத்தானே அடித்துக்கொண்டு போகும்...

இன்னொரு சொட்டு எண்ணெய், லென்ஸ் மெல்ல இறங்கியது, வெறும் சிவப்பணுக்கள், மறுபடி சிவப்பணுக்கள்... ஒவ்வாமையில் பெருகும் ஈசினோபில் ஒன்றுகூட இல்லை, மே மாதம் பிர்ச் மர மகரந்தம் பறக்கும்போது தன் கணவன் ஊலாவின் ரத்தத்தில் ஆரஞ்சு மணிகளாக அது எப்படி மண்டிக்கிடந்தது, மனிதன் மூன்று வாரம் தும்மியே வீட்டை இரண்டாக்கினான், அந்த வளத்தில் கொஞ்சம் இங்கே வந்தால்... கை நின்றது. சாம்பல்நீலம், மடிப்பு விழுந்த கரு, ஓரத்தில் ஒதுங்கிய ஒரு மோனோசைட். செத்ததையும் சிதைந்ததையும் விழுங்கித் திசுவைத் துப்புரவு செய்வது, புது மஜ்ஜை பிடித்தால் முதலில் தலைகாட்டுவதும் பெரும்பாலும் இதுதான். அவசரப்படாதே, ஒன்றை வைத்து என்ன சொல்ல முடியும், நகர்த்து, இன்னும்... அதோ, மூன்று மடல் கரு, நியூட்ரோஃபில்! பக்கத்தில் இன்னொன்று, லாடம்போல வளைந்த இளசு, நேற்றுத்தான் பிறந்திருக்க வேண்டும். போன மாதம் வீட்டில் மீன் வெட்டும்போது தன் கட்டைவிரலைக் கீறிக்கொண்டாளே, அங்கே கட்டிய சீழ் இவற்றின் பிணக்குவியல், கிருமியைக் கண்டதும் முதல் ஆளாய்ப் பாய்ந்து விழுங்கிவிட்டுச் சாகிற கூட்டம். ஏழு, எட்டு... ஓரம் முழுக்கத் தேடியதில் பத்தொன்பது. பழைய மஜ்ஜையைத்தான் மருந்தால் அடியோடு அழித்தாயிற்றே, இவை வேறு எங்கிருந்து வரும்? சீவர்ட்டைக் கூப்பிட்டாள், அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான், "நான் தப்பா சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னான், அதற்குமேல் அவனிடமிருந்து எதுவும் தேவைப்படவுமில்லை.

தொலைபேசியில் சொன்னதும் இங்குன் படியிறங்கியே வந்துவிட்டார், கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை, நிமிர்ந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நாளையும் ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும், கொடையாளியின் செல்தானா என்று உறுதி செய்யவேண்டும், எல்லாம் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு யாரும் எதையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கப்போவதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ரன்வைக்கின் நெஞ்சு முட்டி நின்றது, இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு காலை உண்டா? "நீயே மேல வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்லேன், அவ தனியறைக் கண்ணாடிக்கு வெளிய நின்னு பேசலாம்" என்றார் இங்குன். போகலாமே, போகவேண்டும், கோட்டைக் கழற்றக் கை பொத்தானுக்குப் போனது, அங்கேயே நின்றது... ஒரு சொட்டு ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும், ஒரு முழுப் பெண் எதிரே நின்றால் அவளிடம் முதலில் என்ன சொல்வது?